மீட்டர் ஒன்று சொல்லும், கோன் ஒன்று சொல்லும்

சூளையில் தீ ஏறிக்கொண்டிருக்கும் ராத்திரிகளில் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. தூங்கிவிடக் கூடாது என்பதற்காகவே பேசுவோம். போன மாதம் அப்படி ஒரு ராத்திரி. நான் திட்டக்குடிக்காரன். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் கூலிக் கணக்கு எழுதுகிறேன். மாமா அதே கம்பெனியில் சூளை பார்க்கிறவர். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் அவரோடு உட்கார்ந்திருந்தேன்.

கையில் போன். போனில் தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் நடுவில், பெரும்பாலும் வருஷத்துக்கு வருஷம் திசை மாற்றி ஓடுவார்கள். கிட்டத்தட்ட 88 கிலோமீட்டர். 1921-ல் 34 பேரோடு தொடங்கியது, இன்று ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள். டர்பன் என்றதும் மாமா நிமிர்ந்தார். கரும்புத் தோட்டக் கூலிக்கு நம்மவர்கள் கப்பலேறிப் போன ஊர் என்று அவருக்குத் தெரியும். சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று அங்கேதான் கரை சேர்ந்தது.

"மொத ஆளு எத்தன மணி நேரத்துல வந்தான் மாப்ள?"

"அஞ்சே கால் மணி நேரம் மாமா." 2023-ல் டெட்டே டிஜானா என்பவர் 5 மணி 13 நிமிடம் 58 நொடியில் முடித்ததைத்தான் சொன்னேன்.

"கடேசி ஆளு?"

"பன்னெண்டு மணி நேரம். அதோட சரி. கோட்டுக்கு முதுக காட்டிக்கிட்டு ஒருத்தர் துப்பாக்கிய வெடிப்பாரு. அதுக்கப்பறம் ஒரு நொடி லேட்டா வந்தாலும் கணக்குல சேக்க மாட்டாங்க."

மாமா சூளையின் ஓட்டை வழியாக ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே தூரம். ஒருத்தன் அஞ்சு மணி நேரம், ஒருத்தன் பன்னெண்டு மணி நேரம். நீதான் கூலி போடுறவனாச்சே. யாருக்கு அதிகமா போடுவ?"

பத்து வருஷமாகக் கூலி போடுகிறேன், ஏழு வருஷமாக ஓடுகிறேன். இந்தக் கேள்வி மட்டும் என் மண்டையில் ஒரு நாளும் உதித்ததில்லை. அன்றைக்கு முதலில் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் கம்பெனியில் கூலி இரண்டு வகை. அகல் விளக்குக்குச் சாயம் அடிப்பவர்களுக்குப் பீஸ் ரேட், எத்தனை உருப்படியோ அத்தனை காசு. மண் கலக்குபவர்களுக்கு நாள் கூலி, எத்தனை மணி நேரமோ அத்தனை காசு. பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டுபவர்களுக்கு டன் கணக்கு, அதுவும் பீஸ் ரேட்தான். ஓட்டத்துக்கும் இந்த இரண்டையும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் பீஸ் ரேட். ஓட்டத்தில் உருப்படி என்பது கிலோமீட்டர். இங்கே உடம்பு ஒரு வேடிக்கை காட்டுகிறது. சமதரையில் ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓடிச் சுமக்க ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. வேகமாக ஓடினாலும், மெல்ல ஓடினாலும், அதில் பெரிய மாற்றம் இல்லை. இத்தாலியின் மார்கரியாவும் கூட்டாளிகளும் 1963-லேயே அளந்து எழுதிவிட்ட விஷயம் இது. 60 கிலோ ஆள் 88 கிலோமீட்டர் ஓடினால் 5,300 கலோரி. ஐந்து மணி நேரத்தில் ஓடினாலும் அதே 5,300, ஒன்பது மணி நேரத்தில் ஓடினாலும் அதே 5,300. வேகமாகப் போகிறவன் நிமிடத்துக்கு அதிகமாக எரிக்கிறான், ஆனால் சீக்கிரம் முடித்துவிடுகிறான். ஆக, பீஸ் ரேட்டில் இருவருக்கும் சமக் கூலி. கடைசி ஆள் பாதி தூரம் நடந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் குறையக்கூடச் செய்யும், ஏனென்றால் நிதானமான நடை ஓட்டத்தைவிடச் சிக்கனம்.

அடுத்தது நாள் கூலி. இதில் யோசிக்கவே வேண்டாம். கடைசி ஆளுக்கு இரண்டு மடங்குக்கு மேல். பன்னிரண்டு மணி நேரம் ரோட்டில் நின்றிருக்கிறார், அத்தனை நேரம் பாதம் ஷூவுக்குள் வெந்திருக்கிறது, இரண்டு மடங்கு நேரம் வயிற்றைச் சமாளித்திருக்கிறார்.

இரண்டையும் சொன்னேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "தீய எங்க மாப்ள கணக்குல சேத்த? மொத ஆளு உள்ள எரிஞ்ச தீ வேற, கடேசி ஆளு உள்ள எரிஞ்ச தீ வேற இல்லயா?"

அங்கேதான் சூளை எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தது.

சூளையைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். உள்ளே எவ்வளவு சூடு என்று காட்ட ஒரு மீட்டர் இருக்கும். 1,100 டிகிரி, 1,150 டிகிரி என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் பழைய ஆட்கள் மீட்டரை மட்டும் நம்ப மாட்டார்கள். பொருளோடு பொருளாக, விரல் நீளத்துக்கு ஒரு கூம்பை உள்ளே நிறுத்தி வைப்பார்கள். அதுதான் கோன். பீங்கானுக்குச் சேர்க்கிற மாதிரிச் சரக்குகளைக் கலந்தே அதைச் செய்திருப்பார்கள். வேக்காடு சரியான பதத்துக்கு வந்ததும் அது தலை சாயும். ஜெர்மனியில் ஹெர்மன் ஸெகர் 1886-ல் கொண்டு வந்த ஏற்பாடு, இன்றைக்கும் உலகம் முழுக்க நடக்கிறது.

சூட்சுமம் இதுதான்: கோன் ஒரு குறிப்பிட்ட டிகிரி வந்த உடனே சாய்வதில்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் சேர்த்து உள்வாங்கித்தான் சாயும். 1,220 டிகிரி வாக்கில் சாய்கிற கோன், தீயை வேகமாக ஏற்றினால் இன்னும் இருபது டிகிரி கேட்கும். மீட்டர் சொல்வது இந்த நொடியின் கடுமை. கோன் சொல்வது இதுவரை பட்ட மொத்த பாடு.

ஓடுகிறவர்களின் கையில் இருக்கும் கடிகாரம் மீட்டர். நாடித் துடிப்பு 152, கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று இந்த நொடியைக் காட்டும். நமக்கு உள்ளே ஒரு கோன் நின்றுகொண்டிருக்கிறது. அது எப்போது சாயும் என்பதுதான் நெடுந்தூர ஓட்டத்தின் முழுக் கதையும்.

இந்தக் கோனை எண்ணாக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். எரிக் பானிஸ்டர் என்ற உடலியல் ஆய்வாளர் 1970-களிலிருந்து உருவாக்கிய கணக்கு ஒன்று உண்டு. ஓய்வில் இருக்கும் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் எத்தனை சதவீதத்தில் ஓடுகிறோம் என்று பார்ப்பது, அதை நிமிடங்களால் பெருக்குவது. அதோடு நிற்கவில்லை. கடுமை கூடக் கூட ஒவ்வொரு நிமிடத்துக்கும் கனம் கூட்டினார். அவருடைய சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், ஆண்களுக்கு 50 சதவீதத்தில் ஓடும் ஒரு நிமிடத்தின் மதிப்பு 0.84. 90 சதவீதத்தில் ஓடும் ஒரு நிமிடத்தின் மதிப்பு 3.24. கடுமை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பாடு நாலு மடங்கு!

சரி, காம்ரேட்ஸுக்கு வருவோம். முதல் ஆள் 80 சதவீதத்தில் 314 நிமிடம் ஓடினார் என்று வைத்துக்கொள்வோம் (சதவீதம் என் உத்தேசம்தான்). சுமார் 750 வருகிறது. கடைசி ஆள் 50 சதவீதத்தில் 720 நிமிடம்: சுமார் 600. ஆக, முதல் ஆளுக்குத்தான் கூலி அதிகம் என்று எழுதப் போனேன். எழுதும்போதே ஒரு சந்தேகம். கடைசி ஆள் 50-க்குப் பதில் 55 சதவீதத்தில் போயிருந்தால்? போட்டுப் பார்த்தேன். 730. கிட்டத்தட்ட சமம்! வெயில் ஏறினால், உடம்பில் தண்ணீர் குறைந்தால், அதே வேகத்துக்கே துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டு போகும் என்பது ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு மணி நேரத்தில் அந்த ஐந்து சதவீதம் ஏறாமலா இருக்கும்?

கணக்குப் போட்ட சீட்டை மாமாவிடம் காட்டினேன். "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே கூலின்றியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருக்கலாம். ஆனால் என் சொந்த அனுபவம் விடவில்லை.

போன வருஷம் மாசி மாதம் தனியாக ஒரு 50 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன். திட்டக்குடியிலிருந்து பெண்ணாடம் வழியாக விருத்தாசலம், அப்படியே திரும்பி, 50 ஆகிற இடத்தில் நிறுத்திவிட்டுப் பஸ் ஏறுவது என்று திட்டம். அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினேன். வெள்ளாற்றுப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று, ரோட்டில் கரும்பு டிராக்டர்களைத் தவிர ஒரு வண்டி இல்லை. கால் தானாகப் போயிற்று. முதல் 20 கிலோமீட்டர் ஒரு மணி ஐம்பது நிமிடம். எனக்கு அது அதிகம். மீட்டர் 160-க்கு மேல் காட்டிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் நம்பவில்லை.

திரும்பி வரும்போது 33-வது கிலோமீட்டரில் எல்லாம் முடிந்தது. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை, வெறுமனே ஒன்றும் இல்லை. தொடை மரக்கட்டை. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, இப்படியே இங்கேயே இருந்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். ஒரு பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்னா சார், ஆஸ்பத்திரிக்கா போவணும்?" என்று கேட்டார். மீதி 17 கிலோமீட்டரையும் நடந்தேன். மொத்தம் ஏழு மணி பத்து நிமிடம்.

என்ன நடந்தது? எரிபொருள் நமக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒன்று, கிளைக்கோஜன். அது மொத்தமே 2,000 கலோரி அளவுக்குத்தான். என் எடை 65 கிலோ. கிலோமீட்டருக்கு 65 கலோரி என்றால் 2,000 கலோரி எவ்வளவு தூரம் வரும்? முப்பது சொச்சம். நான் உட்கார்ந்த புளியமரம் சரியாக அங்கேதான் இருந்தது. இன்னொன்று கொழுப்பு. ஒல்லியான ஆள் உடம்பிலும் பத்து கிலோ சுலபமாக இருக்கும். ஒரு கிலோவுக்கு 7,700 கலோரி என்று வைத்தால், கணக்குப்படி கன்னியாகுமரி போய்த் திரும்பலாம்.

கிளைக்கோஜன் சட்டைப்பைச் சில்லறை. கொழுப்பு ஊரில் இருக்கும் நிலம். நிலம் எத்தனை ஏக்கர் இருந்தாலும் கண்டக்டர் வாங்க மாட்டார், சில்லறைதான் கேட்பார். வேகமாக ஓடும்போது உடம்பு சில்லறையைத்தான் எடுக்கிறது, ஏனென்றால் அதுதான் உடனே எரியும். மெதுவாகப் போகும்போது நிலத்தின் குத்தகைப் பணம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும், சில்லறை மிச்சமாகும். நடுவில் சாப்பிட்டு ஈடுகட்டலாமே என்றால் அதற்கும் வரம்பு உண்டு. ஓடிக்கொண்டே இருக்கும்போது குடல் ஒரு மணி நேரத்துக்கு 60 கிராம் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும், பழக்கினால் 90 கிராம் வரை. 60 கிராம் என்றால் 240 கலோரி. நான் அன்றைக்கு மணிக்கு 11 கிலோமீட்டர் வீதம் எரித்தது 700 கலோரி. வரவு 240, செலவு 700. இந்தக் கணக்கை ஒரு கூலி குமாஸ்தா முன்கூட்டியே போட்டிருக்க வேண்டாமா?

ஆகவே காம்ரேட்ஸின் முதல் ஆள், கடைசி ஆள் இரண்டு பேருக்கும் தூரம் ஒன்று, கலோரி ஒன்று, ஆனால் எந்தப் பையிலிருந்து எடுத்தார்கள் என்பது வேறு. கடுமை முடிவு செய்வது அதைத்தான்.

இதை எனக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கும் ஒரு கூட்டம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பங்குனி, சித்திரையில் மஞ்சள் உடுத்திக்கொண்டு சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள். இங்கிருந்து ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். காம்ரேட்ஸுக்கு எட்டு கிலோமீட்டர்தான் குறைச்சல்! பெரியம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. இருபது வருஷமாக நடக்கிறார். ஒரு தடவை நானும் போனேன், ஓடுகிறவன் என்ற தெனாவட்டோடு.

முதல் ராத்திரி நான் முன்னால் போய்ப் போய் நின்று, கூட்டம் வரக் காத்திருந்தேன். பெரியம்மா பக்கத்தில் வந்ததும், "முன்னாடி போயி நிக்கிறதுக்கு, பேசாம எங்ககூடவே வந்தா என்னடா?" என்றார். "எனக்கு இந்த வேகம் சரிவரல பெரியம்மா." "சரிவராதுதான். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல சரிவரும்." வந்தது.

அந்தக் கூட்டத்தை உற்றுக் கவனித்தால் விதிகள் தெரியும். பேச்சு நிற்காது. பேச முடியாத வேகத்தில் யாரும் நடப்பதில்லை. விளையாட்டுப் பயிற்சியாளர்கள் இதையேதான் பேச்சுச் சோதனை என்கிறார்கள், முழு வாக்கியமாகப் பேச வந்தால் நீங்கள் கொழுப்பை எரிக்கும் எல்லைக்குள் இருக்கிறீர்கள். நடை பெரும்பாலும் இரவிலும் விடியலிலும், உச்சி வெயிலில் மரத்தடி. வழியெல்லாம் பந்தல் போட்டு நீர்மோர், பானகம். சமயபுரத்தாளே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அந்த நாட்களில் அவளுக்குத் துள்ளு மாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் நைவேத்தியம். சர்க்கரை, உப்பு, தண்ணீர். உலகத்தில் எந்த நெடுந்தூர ஓட்டத்தின் உதவி மேசையிலும் வேறு பெயரில் இவைதான் இருக்கின்றன.

ஆனால் பெரியம்மாவை நான் தெய்வமாக்கப் போவதில்லை. இரண்டாம் நாள் அவர் பாதம் முழுக்கக் கொப்புளம். வெறுங்காலோடு தார் ரோடு. ஊர் திரும்பி மூன்று நாள் திண்ணையை விட்டு இறங்கவில்லை. மூச்சு வாங்காத நடைதான், நாடி நூறைத் தாண்டியிருக்காது. பானிஸ்டர் கணக்கில் போட்டால் நிமிடத்துக்கு அற்பமான எண்தான் வரும். அந்தப் பாதத்தைப் பார்த்தவர்கள் அதை அற்பம் என்று சொல்ல மாட்டார்கள். துடிப்பை வைத்துப் போடும் எல்லாக் கணக்குக்கும் இந்த ஓட்டை உண்டு. இதயத்துக்குத் தெரியாத பாடுகள் இருக்கின்றன: மலை இறக்கத்தில் தொடை வாங்கும் அடி, தூக்கமின்மை, தோல், நகம், வயிறு. எண்பதாயிரம், ஒரு லட்சம் அடி வைத்த பிறகு மூச்சுக்கு முன்பே கால்தான் கைவிடும்.

உலகத்தின் பெரிய ஓட்டக்காரர்களும் கடுமையை எவ்வளவு இறக்கினால் எவ்வளவு நேரம் வாங்கலாம் என்றுதான் பேரம் பேசுகிறார்கள். 2023-ல் கெல்வின் கிப்டம் மாரத்தானை 2 மணி 35 நொடியில் ஓடினார், மணிக்கு 21 கிலோமீட்டர். லித்துவேனியாவின் அலெக்சாந்தர் சொரோகின் 100 கிலோமீட்டரை ஆறு மணி ஐந்து நிமிடத்தில் ஓடியிருக்கிறார், மணிக்கு 16.4. அதே சொரோகின் 2022-ல் இத்தாலியின் வெரோனாவில் 24 மணி நேரத்தில் 319.614 கிலோமீட்டர் போனார், மணிக்கு 13.3. நேரம் மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று தாவும்போது வேகம் ஒவ்வொரு தடவையும் ஐந்தில் ஒரு பங்குதான் இறங்குகிறது. நம் நாட்டு அமர் சிங் தேவந்தா 2022 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த ஆசிய, ஓசியானியப் போட்டியில் 24 மணி நேரத்தில் 257 கிலோமீட்டருக்கு மேல் ஓடினார். மணிக்கு 10.7. எங்கள் ஊர்ப் பையன்கள் பலர் அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடிவிடுவார்கள். அதை இருபத்து நாலு மணி நேரம் அணையாமல் காப்பதுதான் அவர் செய்தது.

இன்னும் ஒரு வகைப் போட்டி இருக்கிறது, அமெரிக்காவில் லாசரஸ் லேக் என்ற பெயரில் அறியப்படுபவர் உருவாக்கியது. ஒவ்வொரு மணிக்கும் 6.7 கிலோமீட்டர், அவ்வளவுதான். முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் ஓய்வெடுக்கலாம். அடுத்த மணி அடித்ததும் மறுபடி கோட்டில் நிற்க வேண்டும். கடைசியாக ஒரே ஒருவர் மிஞ்சும் வரை நடக்கும். 2023-ல் ஹார்வி லூயிஸ் 108 மணி நேரம் இப்படி நின்றார். வேகமாக ஓடி யாரும் இதில் ஜெயிக்க முடியாது. கடுமையின் விலையை எடுத்துவிட்டு, மொத்தப் பாட்டை மட்டும் எடை போடும் போட்டி.

நம்மில் இப்படி ஒருவர் இருந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து திரும்பவும் நீந்தியே கரை சேர்ந்தவர். 1979-ல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் சைக்கிள் மிதித்தார். வேகத்தில் அவரைவிட ஆயிரம் பேர் முந்துவார்கள். நிறுத்தாமல் இருப்பதில்தான் ஆள் இல்லை. 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரை விட்டார். மெதுவாகப் போனால் எல்லை கிடையாது என்று யாராவது சொன்னால், எனக்கு அவர் ஞாபகம் வரும்.

எல்லை இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவைக் கலிபோர்னியாவிலிருந்து வாஷிங்டன் வரை, வாரத்துக்கு ஆறு மாரத்தான் என்ற கணக்கில், இருபது வாரம் ஓடிக் கடந்தவர்களை ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. சும்மா படுத்திருக்க உடம்பு செலவழிப்பதைப் போல இரண்டரை மடங்கு: மாதக்கணக்கில் தாங்கக்கூடிய உச்சம் அதுதான் என்றார்கள். அதற்கு மேல் போனால் குடல் அவ்வளவு உணவை வாங்கித் தராது, உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிக்கும். ஒரு நாள் பத்து மடங்குகூட எரிக்கலாம், மாதக்கணக்கில் இரண்டரைதான். அறுவடைக் காலத்துக் கரும்பு வெட்டும் ஆட்கள் வரவர வற்றிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வு புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் எப்படி ஓடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கூலி நோட்டு மாதிரியே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஓடி முடித்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண். அதை நிமிடங்களால் பெருக்கி எழுதுகிறேன். கார்ல் ஃபாஸ்டர் என்பவர் பரப்பிய முறை, கருவி எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரம் 8 மதிப்பெண்ணில் ஓடினால் 480. இரண்டு மணி நாற்பது நிமிடம் 3 மதிப்பெண்ணில் ஓடினாலும் 480. எண் ஒன்று என்பதற்காக இரண்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள். சூளையை 600 டிகிரியில் ஒரு வாரம் வைத்திருந்தாலும் பீங்கான் ஆகாது, வெறும் சுட்ட மண்தான். அதற்காக ஒரேயடியாகத் தீயை ஏற்றினால், ஈரம் போகாத உருப்படி வெடிக்கும், 573 டிகிரியில் மணல் சத்து உருமாறுகிற இடத்தில் விரிசல் விடும். மெதுவாக ஏற்றவும் வேண்டும், உச்சத்தைத் தொடவும் வேண்டும். அதனால் வாரத்தில் ஐந்து நாள் ஓட்டத்தில் நாலு நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகம், ஒரே ஒரு நாள் பேச்சே வராத வேகம். நார்வேயில் ஆய்வு செய்யும் ஸ்டீபன் சைலர், தேர்ந்த வீரர்களின் பயிற்சியைப் பார்த்துச் சொன்ன எண்பதுக்கு இருபது என்ற பங்கும் ஏறக்குறைய இதுதான்.

இந்த வருஷம் அதே 50 கிலோமீட்டரை மறுபடி ஓடினேன். 25 நிமிடம் ஓட்டம், 5 நிமிடம் நடை, தொடக்கத்திலிருந்தே. களைத்த பிறகு நடப்பது தோல்வி, களைக்கும் முன்பே நடப்பது திட்டம். கையில் கடலை மிட்டாய், இடுப்பில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். தண்ணீரும் தாகத்துக்கு மட்டும். அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போவதை 1985-ல் டிம் நோக்ஸ் என்பவர் எழுதியதே தென்னாப்பிரிக்க நெடுந்தூர ஓட்டக்காரர்களைப் பார்த்துத்தான். ஆறு மணி இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தேன். முதல் பாதியில் மெதுவாகப் போனதால் முக்கால் மணி நேரம் சீக்கிரம் வந்துவிட்டேன் என்று சொன்னால் கம்பெனியில் யாரும் நம்பவில்லை.

மாமா மட்டும் நம்பினார். அவருடைய கேள்விக்கு என் தீர்ப்பு இது. பீஸ் ரேட்டில் சமம். நாள் கூலியில் கடைசி ஆளுக்கு. தீயின் கணக்கில் முதல் ஆளுக்கு ஒரு பிடி அதிகம், அதுவும் வெயில் ஏறினால் சமமாகிவிடும். நான் கூலி போடுகிறவனாக இருந்தால் இருவருக்கும் ஒரே தொகை எழுதி, கடைசி ஆளுக்கு மட்டும் ராத்திரி பேட்டா சேர்த்துக் கொடுப்பேன். "அது சரி" என்றார் மாமா. கோன் சாய்ந்திருந்தது. தீயை நிறுத்தினோம்.

"இப்பவே தெறந்துடாத" என்று சின்னப் பையன் ஒருவனை அதட்டினார். சூட்டோடு திறந்தால் வெளிக்காற்றுப் பட்டு நல்ல உருப்படியும் கீறிவிடும். ஒரு நாளாவது ஆற வேண்டும். ஓடி முடித்த மறுநாளே மறுபடி ஷூ மாட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: கோன் சாய்ந்த பிறகு சூளையைத் திறக்காமல் வைத்திருப்பதும் வேக்காட்டில் சேர்த்திதான். 50 ஓடினால் பத்து நாள் ஆறப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வெள்ளாற்றுப் பாலத்துப் பக்கம்தான் இருப்பேன். யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரே நிபந்தனை, பேசிக்கொண்டே ஓட வேண்டும்.